பதினோராவது கேள்வி

மாடி வீட்டுப் பெண் நேற்று வாசற்படியில் உட்கார்ந்து நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். காய்கறிப் பையோடு வந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். "என்னக்கா, உங்களுக்கும் போட்டுவிடட்டுமா?" என்று கேட்டாள். "அய்ய, எனக்கெதுக்கு இந்த வயசுல" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். ஸ்டென்சில் தாளில் தப்பாக அடித்ததை மூடுவதற்கு நம் ஆபீசில் ஒரு சிவப்பு மருந்து இருக்குமே, அதே வாசனை. நீ என் கேள்வியை அழித்த வாசனை.

அப்போது நாம் இருவரும் கிராம சேவிகாக்கள். தேரடித் தெருவில் ஒரே அறை, ஒரே ஸ்டவ். இருந்த ஒரே குடையை யார் எடுத்துப் போவது என்று தினமும் சண்டை. அந்த வருஷம் செங்கம் சாலைப் பக்கத்து ஊர் ஒன்றுக்கு ஒரு கைபம்பு வந்தது. ஊருக்குள் போடுவதா, காலனியில் போடுவதா என்பதை வீடு வீடாகக் கேட்டு எழுதித் தரச் சொன்னார் ஆபீசர். கேள்விகளை எழுதியது நான். எனக்குத் தமிழ் நன்றாக வரும் என்று எனக்கு ஒரு நினைப்பு, உனக்குத் தெரியாததா!

பதினோராவது கேள்வியை எழுதிவிட்டு உனக்கு உரக்கப் படித்துக்கூடக் காட்டினேன். "ஊர்ப் பொதுக் கிணற்றில் அனைவரும் தடையின்றித் தண்ணீர் எடுத்து வருகிறார்கள் அல்லவா? ஆம், இல்லை."

நான் கேட்கப் போன அன்று, வழக்கம்போல ஊர்த் தலையாரி தடியோடு முன்னால் நடந்தார். காலனியில் முப்பத்திரண்டு வீடு. ஒவ்வொரு வாசலிலும் அவரே குரல் கொடுப்பார், "ஆபீஸ்லேர்ந்து வந்துக்கீறாங்க, கேக்கறதுக்கு ஒழுங்கா பதில் சொல்லு!" பெண்கள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து, அவர் முகத்தைப் பார்த்து, என்னிடம் "ஆமாங்க" என்றார்கள். மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்று அறையில் நீ காகிதங்களைப் புரட்டிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாய். "முப்பத்திரண்டு வீட்லயும் ஒரே பதிலா? வயித்துவலியக் கேட்டாக்கூட ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லுவாங்களேடி."

"எல்லாரும் எடுக்கறாங்கன்னா நான் என்ன பண்றது?"

"பதிலக் கேள்விக்குள்ளயே வச்சுட்டு, ஊர்க்காரரயும் பக்கத்துல நிக்க வச்சுட்டுக் கேட்டா, வேற என்னதான் சொல்லுவாங்க? இத அப்படியே குடுத்தா காலனிக்குப் பம்பு இல்ல. தேவையில்லன்னு அவங்களே சொன்னதா ஆயிடும்."

எனக்குச் சுருக்கென்றது. "ரொம்பத்தான் தெரிஞ்சவ! எனக்குப் பாடம் நடத்த வந்துட்டா" என்று கத்தினேன். இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. ஒரே ஸ்டவ்வில் தனித்தனியாக உலை வைத்து, ஆளுக்கொரு மூலையில் சாப்பிட்டோம். மூன்றாம் நாள் ஆபீசில் நீ என்னைக் கேட்காமலே ஸ்டென்சிலை எடுத்து, என் வரியின் மேல் சிவப்பு மருந்தைத் தடவினாய். காயும்வரை ஊதிக்கொண்டே இருந்தாய். பிறகு அதே இடத்தில் புதிதாக அடித்தாய். "இன்று காலை தண்ணீர் எங்கே எடுத்தீர்கள்? யார் போனது? எவ்வளவு நேரம் நின்றீர்கள்?"

"இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்று முணுமுணுத்தேன். ஆனாலும் உன் பின்னால் வந்தேன். கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம் அது. தலையாரியை டவுனுக்குப் பந்தோபஸ்து வேலைக்கு அழைத்துப் போயிருந்தார்கள். நீ அந்த நாளுக்காகத்தான் காத்திருந்தாய் என்று பஸ்ஸில்தான் எனக்குப் புரிந்தது.

முதல் வீட்டிலேயே கைக்குழந்தையோடு இருந்த அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். போன தடவை என்னிடம் "ஆமாங்க" சொன்னவள்தான். "நாங்க எங்கம்மா எடுக்கறது? கெணத்துக்கிட்ட தள்ளி நிப்போம். அவங்கள்ல யாரனா எறச்சு ஊத்துனா புடிச்சுக்குவோம். இன்னைக்கு ஊத்தறதுக்கு ஒருத்தரும் மனசு வைக்கல. வெயில் ஏறினதும் வந்துட்டோம்" என்றாள். உள்ளே பானை கவிழ்ந்து கிடந்தது. நீ என்னைத் திரும்பிப் பார்க்கவேயில்லை, குனிந்து எழுதிக்கொண்டிருந்தாய். ஒரு பார்வை பார்த்திருந்தால் நான் திரும்பவும் சண்டை போட்டிருப்பேன். பாவி, அது உனக்குத் தெரிந்திருந்தது.

பம்பு காலனிக்கே வந்தது. அதற்குப் பிறகு நான் எழுதிய ஒரு கேள்விகூட உன் கண்ணில் படாமல் ஆபீசர் மேஜைக்குப் போனதில்லை. உனக்குக் கல்யாணமாகி வேலூருக்குப் போனபோது குடையை எனக்கே விட்டுவிட்டுப் போனாய். சண்டை போட ஆளில்லாத குடையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? எட்டு வருஷமாக அதே அறையில்தான் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையில் சில சமயம் காலையிலிருந்து சாயங்காலம்வரை வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வராது.

உனக்கு உடம்பு முடியவில்லை என்று கடிதம் வந்ததும் ஓடி வந்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் பாதியாகக் கிடந்தாய். தலைமாட்டில் உன் வீட்டுக்காரர், கால்மாட்டில் உன் மாமியார். நான் சாத்துக்குடிப் பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன், "இப்பப் பரவாயில்லதானே?"

நீ என்னைப் பார்த்தாய். பிறகு அவர்களைப் பார்த்தாய். "ஆமா" என்றாய்.

அந்த ஒரு சொல்லில் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? சாத்துக்குடி உரித்துக் கொடுத்தேன், ஆபீஸ் வம்பெல்லாம் சொன்னேன், ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். பதினோரு நாள் கழித்துத் தந்தி வந்தது.

என்ன கேட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்டி. நேற்று எவ்வளவு நேரம் தூங்கினாய், எங்கே வலிக்கிறது, என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டிருக்க வேண்டும். அதற்கு முன்னால் அவர்கள் இரண்டு பேரையும் காப்பி குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். தெரியாமல் நான் தப்பாகக் கேட்கவில்லை. உன் பதிலுக்குப் பயந்துதான், பதிலையும் நானே சேர்த்துக் கேட்டேன். நீயும் என்னைப் பார்த்து, எனக்கு எது வேண்டுமோ அதைச் சொல்லி அனுப்பிவிட்டாய்.