மதினி கலக்காத காய்

என் ஆசை மதினிக்கு,

நீங்கள் போன பிறகு ஒரு மழைக்காலம் வந்து போய்விட்டது. போடியில் மறுபடியும் புதுக்காய் இறங்குகிறது. பஸ்ஸை விட்டு இறங்கினால் பஜார் முழுக்க ஏலக்காய் வாசம்தான். இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன் என்றால், "ஏம்பிள்ள, வீட்டுச் சங்கதியை ஊருக்கு வாசிச்சுக் காட்டணுமாக்கும்?" என்று கேட்டிருப்பீர்கள். ஆமாம், காட்டத்தான் வேண்டும். பழி ஊரறிய விழுந்தது. பதிலும் ஊரறிய வரட்டும்.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பழைய காயைக் கலக்கவில்லை. இதைப் பாசத்தில் சொல்லவில்லை. சோதித்துப் பார்த்து, கணக்குப் போட்டு, என் பேராசிரியர் துருவித் துருவிக் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டுத்தான் சொல்கிறேன்.

நம்மை அறியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விவரம் சொல்ல வேண்டும். என் அண்ணன் சிலமலையில் வயலைப் பார்த்தார். போடிமெட்டுச் சரிவில் இருந்த ஏலத்தோட்டத்தையும், பறித்த காயை அடுப்புச் சூட்டில் உலர்த்தும் ஸ்டோரையும் அவர் மனைவி செல்லத்தாயாகிய நீங்கள் பார்த்தீர்கள். மலையாளம் பேசும் தோட்டத்து ஆட்களுக்கு நீங்கள் சேச்சி, அக்கா. "மேல்பார்வைக்கு ஆம்பளை இல்லையா?" என்று விசாரித்தவரிடம், "ஏன், ஆம்பளை மொகத்தைப் பாத்தாத்தான் காய் ஒணருமா?" என்று கேட்டு அனுப்பியவர் நீங்கள். நான் மதுரையில் பச்சையத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த உங்கள் நாத்தனார்.

அன்று நானும் மண்டிக்கு வந்திருந்தேன். நம் மூட்டையைப் பிரித்த மண்டிக்காரர் காயைக் கையில் உருட்டினார். பச்சை மங்கிப் பழுப்போடியிருந்தது. "என்னத்தா இது? போன வருசத்துக் காயைக் கலந்து கொண்டாந்திருக்கீங்களே" என்றார். தரம் பிரிக்கிற பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். "கலக்கலைங்க" என்று ஒரே சொல்தான் சொன்னீர்கள். அண்ணன் பக்கத்திலேயே நின்றார். துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டாரே தவிர வாயைத் திறக்கவில்லை.

வெளியே வந்ததும், ஒதுக்கிய மூட்டையிலிருந்து எடுத்த ஒரு கைப்பிடிக் காயைத் துணியில் முடிந்து என்னிடம் கொடுத்தீர்கள். "நெறத்தைப் பாத்தே உள்ள இருக்கறதைச் சொல்ற மிசினு இருக்குன்னியே. இதை அதுல வச்சுப் பாரு. நான் கலந்தேனா இல்லையான்னு அது சொல்லட்டும்" என்றீர்கள். "அடுப்பு நல்லா எரிஞ்சதா மதினி?" என்று கேட்டேன். "எரிஞ்சது, எரிஞ்சது. நீ வெரசாப் பாரு" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். அது ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

அந்த மிசினு என்ன செய்தது என்று இப்போது கேளுங்கள். பச்சையம் என்பது அணுக்கள் கூடிச் செய்த ஒரு வளையம். அதன் நடுவில் மக்னீசியம் அணு ஒன்று மோதிரத்துக் கல்லைப்போல உட்கார்ந்திருக்கிறது. சூடும் ஈரமும் சேர்ந்து காயை நெடுநேரம் புழுக்கினால், காயில் இருக்கிற புளிப்பே அந்தக் கல்லைக் கழற்றிவிடும். பச்சை போய்ப் பழுப்பு வரும், ஆனால் வளையம் அப்படியே இருக்கும். நாள்பட்ட காயின் கதை வேறு. வெளிச்சமும் காற்றும் பட்டுப் பட்டு வளையமே உடைந்து, நிறம் தருகிற பொருளே குறைந்துபோகிறது. கண்ணுக்கு இரண்டும் மங்கல் காய்தான். மண்டிக்காரருக்கு இருந்ததும் கண் மட்டும்தானே?

புதுக்காய், பழைய காய், உங்கள் காய் மூன்றையும் தனித்தனியே இடித்து அசிட்டோனில் ஊறவைத்தேன். அந்தச் சாற்றில் ஒளியைச் செலுத்தினால், எந்த நிறத்தை எவ்வளவு விழுங்குகிறது என்று கருவி ஒரு கோடாக வரைந்து காட்டும். பழைய காயின் கோடு எழவே மாட்டேன் என்று தரையோடு படுத்துக் கிடந்தது. உங்கள் காயின் கோடு நன்றாக எழுந்து நின்றது. ஆனால் புதுக்காயில் இல்லாத சின்ன மேடுகள் அதன் நடுவில் இருந்தன. பிறகு புதுக்காய்ச் சாற்றில் ஒரு துளி அமிலம் விட்டேன். அதன் மக்னீசியம் கழன்றது, அந்தக் கோடும் அப்படியே உங்கள் கோட்டின் மேல் வந்து உட்கார்ந்தது. உங்கள் சாற்றிலும் விட்டேன். அது அசையவில்லை, கழல வேண்டியது முன்பே கழன்றிருந்தது.

எனக்கு அதுவே போதும். பேராசிரியருக்குப் போதவில்லை. "ஸ்டோரில் புகை உண்டல்லவா? இந்தச் சின்ன மேடு புகைக்கறையாக இருந்தால்?" என்று கேட்டார். எரிச்சலாக வந்தது. ஆனால் கேள்வியில் நியாயம் இருந்தது. மக்னீசியம் போனால் அந்த வளையம் எந்தெந்த இடத்தில் ஒளியை விழுங்க வேண்டும் என்று கணக்கில் கண்டுபிடித்து, அந்த மேடுகளோடு ஒத்துப்பார்ப்பதைத் தவிர வழியில்லை. அது கையால் போடுகிற கணக்கல்ல, கம்ப்யூட்டர் கணக்கு. கணக்கின் ஒவ்வொரு வரிக்கும் ஓர் அட்டையாகத் துளை போட்டு, கட்டுக்கட்டாகக் கொடுக்க வேண்டும். ஓர் அட்டை இடம் மாறினால் வந்த விடையைக் கிழித்துப் போட வேண்டியதுதான்.

அந்த அட்டைக் கட்டுகளோடு நான் ஊருக்கு வந்தபோது நீங்கள் சிரித்தது நினைவிருக்கிறதா? "எலி கொறிச்ச அட்டையைப் போயிச் சொமந்துக்கிட்டுத் திரியிறியே பிள்ள" என்றீர்கள். பிறகு ஓர் அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, துளை வழியாக என்னைப் பார்த்தீர்கள். "என் ஞாயம் இதுக்குள்ளயா இருக்கு?" என்று கேட்டீர்கள். "இருக்கு மதினி. கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

உங்களால் பொறுக்க முடியவில்லை. காமாலை முற்றி, நான் வந்து சேர்வதற்குள் உங்களுக்குப் பேச்சு நின்றுவிட்டது. விடை அதற்குப் பிறகுதான் சரியாக வந்தது. மேடுகள் எங்கே எழ வேண்டும் என்று கணக்கு சொன்னதோ, அங்கேதான் உங்கள் காயில் எழுந்திருந்தன. புகையும் இல்லை, கறையும் இல்லை. தாளைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். துக்கத்தைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது. நீங்கள் கேட்ட ஒரே கேள்விக்குப் பதில் கிடைத்தபோது அதைக் கேட்க நீங்கள் இல்லையே மதினி.

போன வாரம் அண்ணனைக் கூட்டிக்கொண்டு மண்டிக்குப் போனேன். மூன்று கோடுகளையும் மண்டிக்காரர் முன்னால் விரித்து, இப்போது உங்களுக்குச் சொன்னதை அவருக்கும் சொன்னேன். காய் அந்த வருசத்துக் காய்தான், சூடு பத்தாமல் ஈரத்தில் புழுங்கியிருக்கிறது என்றேன். அவர் கெட்டிக்காரர். கடைசிவரை கேட்டார்.

"சரித்தா, பழைய காய் இல்ல. நான் சொன்னது தப்புத்தான். ஆனா காயைப் புழுங்க விட்டதும் தப்புத்தானே? ஸ்டோரைப் பாத்தது அந்தம்மாதானே?" என்றார்.

எனக்கு வாய் துறுதுறுத்தது. ஆனால் சொல்ல என்னிடம் என்ன இருந்தது? கல் கழன்றதைக் கருவி காட்டும். அடுப்பு ஏன் எரியவில்லை என்று காட்டாது. அப்போதுதான் அண்ணன் எழுந்தார்.

"வெறகு அனுப்ப வேண்டியவன் நானு" என்றார். "நடவு சோலியில மலைக்கு ஜீப்பு அனுப்ப மறந்துட்டேன். மழையில நனைஞ்ச வெறகை வச்சுக்கிட்டு அவ ஒத்தையில ஊதிக்கிட்டுக் கெடந்திருக்கா. அவமேல ஒரு தப்பும் கெடையாது. எழுதிக்கங்க."

தரம் பிரிக்கிற பெண்களின் கைகள் அப்படியே நின்றன. மண்டிக்காரர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றார்.

சிலமலைக்குத் திரும்பும் பஸ்ஸில் நானும் அதையே கேட்டேன். தன்மையாகக் கேட்கவில்லை, சண்டையாகவே கேட்டேன். "ஒங்களுக்குத் தெரிஞ்சிருந்தும் மதினியை நிக்க வச்சு வேடிக்கை பாத்தீகளே அண்ணே. ஏன்?" அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டுதான் சொன்னார்.

"அத்தனை பேரு முன்னால நாக்கு எழும்பலத்தா. வீட்டுக்கு வந்தும் அவ ஒரு வார்த்தை கேக்கல. சோத்தைப் போட்டுட்டு எதுத்தாப்புல உக்காந்திருப்பா. நானாச் சொல்லுவேன்னு காத்துக்கிட்டு இருந்திருக்கா போல."

அப்படித்தானா மதினி? அந்தக் காயை என்னிடம் கொடுத்துவிட்டு, உண்மையில் நீங்கள் காத்திருந்தது அண்ணன் வாய்ச் சொல்லுக்காகத்தானா? என்னிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் அவரைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமலா? அப்படியானால் நான் இத்தனை நாள் தேடியது உங்கள் கேள்வியில் பாதிக்குத்தான் பதில். அந்தப் பாதியில் எனக்குச் சந்தேகமே இல்லை. எந்த ஊர்ப் பேராசிரியர் வந்து கேட்டாலும் நின்று பதில் சொல்வேன்.

மீதிப் பாதி நீங்கள் பிறந்த பொட்டிபுரத்தில் இருக்கிறது. மகள் மேல் பழி விழுந்ததிலிருந்து உங்கள் அம்மா போடிப் பக்கமே வருவதில்லையாம். வருகிற வெள்ளிக்கிழமை அண்ணனை அங்கே கூட்டிக்கொண்டு போகிறேன். "நீயே சொல்லிருத்தா, படிச்ச பிள்ள சொன்னா நம்புவாக" என்று சொல்லிப் பார்த்தார். முடியாது என்றுவிட்டேன். காயைப் பற்றிச் சொல்ல வேண்டியதை நான் சொல்லிவிட்டேன். விறகைப் பற்றி அவர்தான் சொல்ல வேண்டும், உங்களைப் பெற்றவள் முகத்தைப் பார்த்து. சொல்லி முடிக்கும்வரை அவரை அந்த வாசலைத் தாண்டி வெளியே வர விடமாட்டேன் மதினி, இது சத்தியம்.

அண்ணனுக்குத் தங்கையாக அல்ல,
உங்களுக்கு நாத்தனாராக,
முத்துலட்சுமி