தலைவிக்கு ஆள் இல்லை

ஜூன் 3, செவ்வாய்

ஒரே காற்று. காயப்போட்ட சேலை பக்கத்து வீட்டுக் கூரையில். இரண்டு விரிவுரை. விடைத்தாள் ஒரு கட்டு. சங்க இதழுக்குத் தலையங்கம் (இன்னும் எழுதவில்லை).

மதியம் ரிஸ்வான் பல்கலைக்கழகத்துக்கே வந்துவிட்டார். எங்கள் உளவியல் சங்கத்தின் செயலாளர். ஒரு காலத்தில் என் மாணவர், இப்போது பண்டாரவளையில் பள்ளிக்கூட ஆலோசகர். முகமெல்லாம் சிரிப்பு. சங்கம் தொடங்கிச் சில வருஷம்தான், அதற்குள் மொனராகலையிலும் கிளை கேட்கிறார்களாம். 15இல் பதுளையில் ஆண்டுக் கூட்டம்.

"இந்தத் தடவை நான் நிக்கல ரிஸ்வான். வேற யாரையாவது தலைவரா போடுங்க."

"நீங்க இல்லாட்டி சங்கம் ஏது மிஸ்? பகிடி விடாதீங்க."

பகிடியாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

ஜூன் 5, வியாழன்

லுணுகலைக் கிளை திறப்பு, தோட்டப் பள்ளிக்கூடத்தில். மாலை, குத்துவிளக்கு, பிள்ளைகளின் பேண்ட் வாத்தியம். பேச எழுந்தேன். "தோட்டத்து ஆளுங்களுக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கு." எங்கே போனாலும் என் முதல் வரி இதுதான். இரண்டாவது வரி வரவில்லை. நெஞ்சு இடித்தது. விரல் நுனியெல்லாம் மரத்துவிட்டது. கதவு எங்கே என்று மட்டும் கண் தேடியது. மைக்கை ரிஸ்வான் கையில் திணித்துவிட்டு வெளியே ஓடி, கழிப்பறைக்குள் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வெளியே இரண்டு பெண்களின் குரல்.

"மிஸ்ஸுக்கு என்னாச்சு?"

"வெயிலு புள்ள. டவுன்ல இருக்கறவங்களுக்கு ஒத்துக்காது."

நான் பிறந்தது இந்த மலையில்தான், தேயிலைத் தோட்டத்து ஒற்றை அறை லயத்தில். வெயிலாம்.

இதற்குப் பெயர் தெரியும். பீதித் தாக்கம். இரண்டாம் வருட மாணவர்களுக்கு நான்தான் நடத்துகிறேன். குளியலறையில் வந்திருக்கிறது, பஸ்ஸில் வந்திருக்கிறது. ஆட்கள் முன்னால் இதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்ததும் செல்வா கேட்டார், "திறப்பு விழா நல்லா நடந்துச்சா?"

"நல்லா நடந்துச்சு."

கட்டின புருஷனிடம் பொய் இவ்வளவு லேசாக வருகிறது.

ஜூன் 8, ஞாயிறு

அம்மா போன் எடுத்தாள். இன்னும் கொழுந்து பறிக்கப் போகிறாள், சொன்னால் கேட்பதில்லை. லுணுகலைப் படம் பேப்பரில் வந்ததாம். காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போது கங்காணி எல்லாருக்கும் அதைக் காட்டினாராம். "நம்ம லயத்துப் புள்ளடா இதுன்னு சொன்னாரு. எனக்கு கண்ணுல தண்ணி வந்திருச்சு."

"அம்மா, எனக்குக் கொஞ்ச நாளா முடியலம்மா."

"தலவலியா? கொத்தமல்லி அவிச்சுக் குடி. ஒனக்கென்னடி கொறச்சல்?"

யாரிடம் போவது என்று யோசித்தேன். மாகாணத்தில் தமிழில் ஆலோசனை சொல்லக்கூடியவர்கள் எல்லாரும் சங்க உறுப்பினர்கள். பாதிப் பேர் என் மாணவர்கள். கொழும்பில் ஒருவர்: போன மாநாட்டில் நாங்கள் பொன்னாடை போர்த்திய பேச்சாளர். யாழ்ப்பாணத்தில் ஒருவர்: எங்கள் இதழின் ஆசிரியர் குழுவில் இருக்கிறார். தெரிந்தவருக்கு, கூட வேலை செய்பவருக்கு ஆலோசனை வழங்கக் கூடாது. சங்கத்தின் ஒழுக்கக் கோவை, நான் எழுதியது. ஒரு வாரம் உட்கார்ந்து, ஓட்டையே இல்லாமல் எழுதினேன்.

தலையங்கம் இன்னும் எழுதவில்லை.

ஜூன் 11, புதன்

மொனராகலை. செல்வாவிடம் கிளை வேலை என்று சொன்னேன். பசறை தாண்டியதும் குளிர் போய் வியர்வை. தனியார் கிளினிக். சிங்கள டாக்டர், வயதானவர், நல்ல மனுஷன். என்னை யாரென்று தெரியாது. அதற்காகத்தான் அவ்வளவு தூரம் போனேன்.

சிங்களத்தில் நான் பஸ்காரனோடு சண்டை போடுவேன், பல்கலைக்கழகக் கூட்டத்தில் வாதாடுவேன். அவர் முன்னால் உட்கார்ந்து "என்னை மூடி வச்ச மாதிரி இருக்கு, திறக்க ஆள் இல்ல" என்று சொல்ல நினைத்தேன். ஒரு சொல் கிடைக்கவில்லை. கடைசியில் வந்தது "பபுவ ரிதெனவா". நெஞ்சு வலிக்குது. பாவம், பதறிப்போய் ஈசிஜி எடுத்தார். இதயம் நன்றாக இருக்கிறதாம். விட்டமின் எழுதித் தந்தார்.

மனக்கஷ்டத்தைச் சொந்த மொழியில் சொல்ல ஓர் இடம் வேண்டும் என்றுதான் சங்கமே தொடங்கினோம். இடம் வந்துவிட்டது. எல்லாருக்கும்.

திரும்பும் பஸ்ஸில் அழுதேன். பக்கத்து ஆச்சி ஒரு தோடம்பழம் உரித்துத் தந்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

ஆண்டுக் கூட்டம். மண்டபம் நிறைந்து, வராந்தாவிலும் நாற்காலி. தலைவர் தெரிவு: ஒருவர் முன்மொழிந்தார், மண்டபமே வழிமொழிந்தது. கைதட்டல். என் சம்மதத்துக்கு யாரும் காத்திருக்கவில்லை.

எழுந்தேன். கை நடுங்கியது. நடுங்கட்டும்.

"எனக்கு முடியல. மாசக் கணக்கா தூக்கம் இல்ல. கூட்டத்தப் பார்த்தா மூச்சு முட்டுது. செத்துருவேன்னு தோணுது. யார்கிட்டயும் சொல்ல முடியல."

ஒருவர் பேனா எடுத்தார். அடுத்தவரும். அப்புறம் வரிசை முழுக்க. பயிற்சிகளில் நோயாளியாக நடித்துக் காட்டுவது எப்போதும் நான்தான். இதையும் அப்படியே நினைத்துவிட்டார்கள்.

முன்வரிசை மாணவி கை தூக்கினாள். "மூச்சு முட்டுறது கூட்டத்துல மட்டுமா, தனியா இருக்கும்போதுமா?"

"தனியா இருக்கும்போதும்."

"அப்ப இது பொது இடத்தைப் பத்தின பயம் மட்டும் இல்ல, மிஸ்?"

"இல்ல. சரியாச் சொன்னீங்க."

சரியாச் சொன்னீங்க! என் வாய்தான் சொன்னது. அதற்கப்புறம் நிற்கவே இல்லை. எப்போதிலிருந்து, எது தூண்டுகிறது, வீட்டில் தெரியுமா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பெரிய கைதட்டல். சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் வந்து, "நடுக்கம் அப்படியே உண்மையாட்டம் இருந்துச்சு, மிஸ்" என்றார்.

ரிஸ்வான் மட்டும் தட்டவில்லை. குறிப்பு எழுதிக்கொண்டிருந்த பேனா அப்படியே நின்றிருந்தது.

ஜூன் 16, திங்கள்

லீவு போட்டேன். சாயங்காலம் ரிஸ்வான் வீட்டுக்கு வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். செல்வா தேநீர் போட உள்ளே போனார்.

"நேத்து சொன்னது நடிப்பில்லதானே, மிஸ்?"

"இல்ல."

"லுணுகலையிலயும் வெயில் இல்ல."

"இல்ல."

தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கு வெளங்கியிருக்கணும். இதுதானே என்ட வேல."

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"உங்களுக்குக் கவுன்சலிங் செய்ய எனக்கு ஏலாது. விதி நீங்க எழுதினது. ஆனா கூட்டக் குறிப்பு எழுத ஏலும். தலைவர் சுகமில்லாம விலகினாங்கன்னு எழுதுறேன். இன்னொரு ஆள் வரும் வரைக்கும் மேடை, மைக், கிளை எல்லாம் நான் பாக்குறேன்."

"மொனராகலைக் கிளைக்கு நாள் குறிச்சாச்சா?" இதையும் என் வாய்தான் கேட்டது.

"அத விடுங்க மிஸ்!"

இத்தனை வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அப்போதுதான் பார்த்தேன், தேநீர்த் தட்டோடு செல்வா வாசலில். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ.

"எப்போலருந்து?" என்றார்.

"தைப்பொங்கலுக்கு முந்தி."

தட்டை வைக்க இடம் தேடினார். மேசை முழுக்கச் சங்கக் கோப்புகள். தரையில் வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.