நாலு மணிக்கு சோபா போயிடும்

என்னங்க, விளம்பரம் பார்த்துட்டு நம்ம சோபாவை வாங்க நாலு மணிக்கு ஒருத்தர் வர்றார். மாடி வீட்டு அண்ணனும் நானுமா இழுத்து வாசல்லயே போட்டுட்டோம், ஆள் உள்ள வர வேணாம். அண்ணனைக் கூப்பிட்டுப் பக்கத்துல வச்சுக்கோங்க.

ரொக்கமா வாங்குங்க. 'பணம் அனுப்பறேன், இதை ஸ்கேன் பண்ணுங்க'ன்னா போனைத் தொடாதீங்க. பணம் வர்றதுக்கு நாம எதையும் ஸ்கேன் பண்ண வேண்டியதில்ல. மிக்ஸி வித்தப்ப நீங்க அப்படி ஸ்கேன் பண்ணித்தான் கணக்குல இருந்ததும் போச்சு.

அதுக்காக நான் அவ்வளவு பேசியிருக்கக் கூடாது. நாலு நாளா அந்த சோபாவுல முடங்கிப் படுத்துட்டு, நீங்க கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு நடக்கறதைப் பார்க்க முடியல.

சாப்பாடு மூடி வச்சிருக்கேன்.

மறந்துட்டேன்: எவ்வளவு குறைச்சுக் கேட்டாலும் தள்ளி விட்டுடுங்க. அது திரும்ப உள்ள வரக் கூடாது. உங்க தலையணையைக் கட்டில்ல போட்டாச்சு.