சுண்ணாம்பு வீட்டுக் குதிரை

இல்லை அப்பா, கண்ணால் பார்ப்பதற்கு முன்பே வாசனையில் தெரிந்துவிட்டது. அறுத்த பச்சைப் புல்லின் வாசனை. லேசான இனிப்பு. கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டுச் சென்னையிலிருந்து வந்து இறங்கியிருக்கிறேன், பெட்டி இன்னும் கையில். வாசலிலேயே அது என்னை நிறுத்தியது. நீங்கள் போனபின் காலியாகக் கிடந்த லாயம் காலியாக இல்லை.

அண்ணன் குதிரை வாங்கியதை எனக்கு எழுதவில்லை. கேட்டேன்.

"எழுதினா நீ அழுது எழுதுவ. அதான்" என்றான்.

செவலை நிறம். இளம் குதிரை. அண்ணனின் பெண்கள் இருவரும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். நீங்கள் ஓட்டிய அதே வண்டியில்தான் அவர்கள் தினமும் பள்ளிக்கூடம் போகிறார்களாம்.

"அத்தே, வரும்போது ஒல்லியா இருந்தான். இப்பம் கன்னத்தப் பாரு!" என்றாள் பெரியவள்.

பார்த்தேன். கன்னம் இல்லை அது. கண்ணுக்குக் கீழே, மூக்கின் இரண்டு பக்கமும், எலும்பே மெதுவாக எழும்பியிருந்தது. தாடையின் அடியில் கட்டைவிரலை வைத்து ஓட்டினேன். கூராக இருக்க வேண்டிய விளிம்பு மழுங்கிக் கிடந்தது. என் விரலுக்கு அந்த மழுக்கம் தெரியும்.

லாயத்துச் சுவரைத் திரும்பிப் பார்த்தேன். வெள்ளையடித்த சுவரில், குதிரையின் வாய் எட்டும் உயரத்தில், ஈரமான ஒரு பள்ளம்.

*

கொழும்பிலிருந்து தோணியில் வந்தவள் என்பதால் அவளுக்குக் கொழும்புக்காரி என்று பெயர் வைத்தீர்கள். பந்தயத்தில் ஓடி ஓய்ந்த பெண்குதிரை. துறைமுகத்தில் அவளை இறக்கியபோது கால் நடுங்கிக்கொண்டு நின்றாள். "கடல் தாண்டி வந்தவ. கொஞ்ச நேரம் ராங்கி பண்ணத்தான் செய்வா" என்றீர்கள். வண்டியை நீங்களே ஓட்டினீர்கள். சிப்பி சுடும் நம் காளவாய்க்கும் சுண்ணாம்புக் கடைக்கும் கோயிலுக்கும். உடம்பெல்லாம் சிப்பிச் சாம்பல் படிந்து நீங்கள் காளவாயிலிருந்து வரும்போது, வெள்ளைக் குதிரையும் வெள்ளை மனிதரும் என்று தெருவில் சிரிப்பார்கள். சாத்தான்குளத்துப் பனைக்காடு முழுக்கப் பதநீர்க் கலயங்களில் தடவிய சுண்ணாம்பு உங்கள் சுண்ணாம்பு.

பிறகு யுத்தம். கொள்ளு கிடைக்கவில்லை. கடையில் கேட்டால் எல்லாம் பட்டாளத்துக்குப் போகிறது என்றார்கள். தவிடு மட்டும் கிடைத்தது. நீங்கள் சும்மா இருக்கவில்லை. மாப்பிள்ளையூரணிப் பக்கம் கிணற்றோடு ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து, கமலை கட்டி இறைத்து, கொழுக்கட்டைப் புல் வளர்த்தீர்கள். ஊர் முழுக்கக் காய்ந்து கிடந்த கோடையிலும் நம் வீட்டுக்கு மட்டும் தினமும் காலையில் பச்சைக் கட்டு வந்து விழுந்தது. பாதி பசுவுக்கு. பாதி குதிரைக்கு. பசு முன்னைவிடப் பால் கொடுத்தது.

அந்த விடுமுறைக்கு வந்தபோது என்னை நேரே லாயத்துக்குக் கூட்டிப் போனீர்கள். என் கையைப் பிடித்து அவள் முகத்தில் வைத்தீர்கள்.

"முகம் எப்படித் தெளிஞ்சிட்டு, பாத்தியா ஏளா? நீ ஹாஸ்டல் சோத்தத் தின்னு வத்திப்போய் வந்து நிக்க. இவளப் பாரு, கல்யாணப் பொண்ணு கணக்கா."

எல்லாரும் அதையே சொன்னார்கள். எதிர்த்த வீட்டு மரக்கடை அண்ணாச்சி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "யுத்த காலத்துல ஊரே மெலியுது, ஒம்ம குதிரைக்கு மட்டும் கன்னம் வச்சிருக்கே, என்னத்தப் போடுதீரு?" என்றார்.

"பாசத்தப் போடுதேன்" என்றீர்கள்.

உண்மைதான். அதைத்தான் போட்டீர்கள்.

மற்றவற்றையும் பார்த்தோம். காலையில் எழுந்திருக்க அவள் நேரம் எடுத்துக்கொண்டதை. நிற்கும்போது ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டே இருந்ததை. பாதி மென்ற புல்லை உருண்டையாகக் கீழே போட்டதை. பார்த்தோம், அவ்வளவுதான். எதுவும் எதோடும் சேரவில்லை.

சுவரையும் பார்த்தோம். பொழுதெல்லாம் வெள்ளைச் சுவரை நக்கினாள். மறுபடி வெள்ளையடித்தீர்கள். மறுபடி நக்கினாள்.

"வியாபாரம் தெரிஞ்ச குதிரை. சரக்க ருசி பாக்கா" என்று சொல்லிச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் பின்னால் பனை உயரத்துக்குச் சிப்பி குவிந்து கிடந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை. வேதக்கோயில் விட்டு வந்துகொண்டிருந்தோம். பீச் ரோடு. நீங்கள் முன்னால், நான் பின்னால். காற்று கடலிலிருந்து அடித்தது. கல் இல்லை. பள்ளம் இல்லை. அவள் ஓடக்கூட இல்லை, நடந்தாள்.

ஒரு சத்தம். வேகவைத்த பனங்கிழங்கை ஒடித்தால் வருமே, அந்த அளவுதான்.

முன்னங்கால் மடிந்தது. வண்டி முன்னால் சாய்ந்தது. நீங்கள் தெறித்துப் போய் வாய்க்கால் பாலத்தின் கட்டைச் சுவரில் விழுந்தீர்கள். நான் உங்கள் தலையைத் தூக்கியபோது, "அவளுக்கு என்னாச்சு?" என்று கேட்டீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் எதுவும் கேட்கவில்லை.

கண் பட்டுவிட்டது என்றார்கள். கோயிலுக்குப் போகிற குடும்பத்தில் அப்படிச் சொல்லக்கூடாது என்றும் அவர்களே சொன்னார்கள். அண்ணன் மரக்கடை அண்ணாச்சியோடு பேச்சை நிறுத்தினான். இன்னும் பேசவில்லை.

கால் ஒடிந்ததால் துப்பாக்கியால் சுட்டுப் போட்ட குதிரையை அறுத்துக் கொண்டுபோக வந்த ஆள், தாடையில் கத்தியை வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

"என்னய்யா இது, எலும்புல கத்தி இறங்குது? அவிச்ச சீனிக்கெழங்கு மாதிரில்லா இருக்கு."

அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டு நான் சென்னைக்குத் திரும்பினேன்.

*

இரசாயன வகுப்பில் ஒரு பரிசோதனை. கண்ணாடிக் குழாயில் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர். அதில் ஆக்சலேட் கரைசல் சில சொட்டு. உடனே வெள்ளைப் புகை மாதிரி ஒரு கலங்கல், அடியில் போய்ப் படிகிறது. சுண்ணாம்பு அதற்குள் பூட்டிக்கொள்கிறது. புளித்த காடி விட்டாலும் திறக்காது.

"இது குப்பியில் மட்டும் இல்லை. கீரையில் இருக்கிறது. சில புல்லிலும் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு ஆசிரியை அடுத்த மேசைக்குப் போனார்.

நான் போகவில்லை. அங்கேயே நின்றேன்.

பிறகு நூலகத்தில் கால்நடைப் புத்தகங்களைப் புரட்டப் புரட்ட ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. புல்லில் இருப்பது குதிரையின் குடலிலேயே சுண்ணாம்பைப் பூட்டுகிறது. வெளியே போய்விடுகிறது. இரத்தத்துக்குச் சுண்ணாம்பு வேண்டும், அது இல்லாமல் இதயம் அடிக்காது. ஆகவே உடம்பு தன் எலும்பையே கரைத்துக் கொடுக்கிறது. தாடையிலிருந்து. முகத்திலிருந்து. காலிலிருந்து. எடுத்த இடத்தை நாரால் அடைக்கிறது, அந்த நார்தான் உப்புகிறது. தவிடு இதை இன்னும் விரைவாக்குகிறது. பசு அசைபோடுகிற பிராணி. அதன் பெரிய வயிற்றுக்குள் அந்தப் பூட்டு எப்படியோ முன்கூட்டியே உடைந்துவிடுகிறது. எப்படி என்று எனக்குத் தெரியாது.

முகம் தெளிந்தது என்று நாம் சொன்ன நாளெல்லாம் அவள் உள்ளே கரைந்துகொண்டிருந்தாள். அவளைச் சுற்றி எங்கும் சுண்ணாம்பு.

*

"அண்ணே, செவலைக்கு அந்தப் புல்லு போடாத, எலும்பு கரைஞ்சிரும். பிள்ளைகள அதுல ஏத்தாத."

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மதினி மோர் ஊற்றினாள்.

"அதே புல்லத்தான் பசு தின்னுது. அந்தப் பால்ல உறைஞ்ச மோருதான் இது. நீயும் குடிக்க."

"பசுவுக்கு வயிறு வேற."

"அப்பா பாத்துப் பாத்து வளத்த புல்லு" என்றான். குரல் மாறியது. "அப்பாவக் கொன்னது அப்பா வளத்த புல்லுன்னு சொல்ல வாரியா? அதுக்கா ஒன்னப் படிக்க வச்சாரு?"

நீங்கள் இருந்திருந்தால் ஏதாவது சொல்லி அவனைச் சிரிக்க வைத்திருப்பீர்கள்.

மத்தியானம் அடுப்படியில் புல்லை நறுக்கி வேகவைத்தேன். பஞ்சில் வடிகட்டினேன். வைக்கோல் நிறத்தில் தெளிந்த தண்ணீர். இன்னொரு பாத்திரத்தில் நம் சுண்ணாம்பைக் கரைத்து, தெளிந்ததை மட்டும் இறுத்தேன். அண்ணன் நிலைப்படியில் சாய்ந்து நின்றான்.

"குழம்பு கொதிக்கா?" என்றான்.

இரண்டையும் ஒரு கண்ணாடிக் கிளாசில் ஊற்றினேன். கிளாசுக்குள் வெள்ளை எழுந்தது. மெதுவாக, சுருள் சுருளாக, அடிக்கு இறங்கியது. காடியை விட்டுக் கலக்கினேன். போகவில்லை. பக்கத்துக் கிண்ணத்தில் ஒரு சிட்டிகைச் சிப்பிப் பொடியைப் போட்டு அதே காடியை விட்டேன். நுரைத்துக் கரைந்தது.

"சிப்பியையே கரைக்கிற காடி, அண்ணே. இதக் கரைக்க முடியல. குதிரை வயித்துல நடக்குறது இதுதான்."

கல்லூரியில் இந்தப் பரிசோதனையை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இன்னும் பத்துக் கேள்வி கேட்பார்கள். எனக்கு அவன் ஒருவன் ஒப்புக்கொண்டால் போதும்.

அவன் கிளாசைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தான். பிறகு கீழே வைத்தான்.

"செவரு" என்றான். "கொழும்புக்காரி செவர நக்குவாள்லா."

"ஆமா."

"இவனும் நக்குதான்."

போய்விட்டான். மாலையில் கடைக்குப் போகும்போதும் அவன் செவலையைப் பூட்டிக்கொண்டுதான் போனான். சக்கரச் சத்தம் தெருமுனை திரும்பும் வரை நான் வாசலிலேயே நின்றேன். திரும்பி வரும்போது சக்கரச் சத்தம் கேட்கவில்லை, குளம்புச் சத்தம் மட்டும். வண்டியைக் கடையிலேயே விட்டுவிட்டுக் கடிவாளத்தைப் பிடித்து நடத்திக் கூட்டி வந்தான்.

அப்பா, கரைந்த எலும்பு திரும்பி வருமா என்று தெரியவில்லை. இவனுக்கு இன்னும் முற்றவில்லை என்று நினைக்கிறேன். நினைக்க மட்டும்தான் முடிகிறது. தெருவில் யாராவது ஒரு குழந்தையைப் பார்த்து முகம் தெளிந்திருக்கிறது என்று சொன்னால்கூட என் கட்டைவிரல் தானாக மடிகிறது. அந்த மழுங்கிய விளிம்பு அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் கை என் கைமேல் இருந்த சூடும்.

காலையில் புல் கட்டு வந்தது. அவிழ்க்காமல் முழுவதையும் பசுவின் முன்னால் போட்டேன். செவலைக்குச் சோளத்தட்டை போட்டேன். குவியலிலிருந்து சுடாத சிப்பி எடுத்து உரலில் இடித்துச் சலித்து, ருசிக்கு ஒரே ஒரு பிடி தவிட்டில் கலந்து வைத்தேன். பிறகு பிள்ளைகள் இருவரையும் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தே கூட்டிப்போனேன்.