என் கணவரின் வாக்கை மீட்டுத் தரக் கோரி

அனுப்புநர்:
ஆட்சிக்குழு உறுப்பினர் ஒருவரின் மனைவி,
தையற்கடை,
சமுதாயக் கூடத்துக்கு நேர் எதிரே.

பெறுநர்:
உயர்திரு பதிவு அலுவலர் அவர்கள்,
சங்கங்கள் பதிவு அலுவலகம்.

பொருள்: குடியிருப்போர் சமுதாயக் கூடம் – பேச்சிழந்த உறுப்பினரைக் கூட்டத்துக்குத் தூக்கிச் சென்று, அவருடைய மௌனத்தைச் சம்மதமாகக் கணக்கிட்டு, பேச்சுப் பயிற்சி அறையை மூடியது – தீர்மானத்தை ரத்து செய்து அறையைத் திறந்துவிட வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து ஆட்சிக்குழுத் தலைவரிடம் நான் நேரில் முறையிட்டதும், அவர் சிரித்ததும்.

மதிப்புக்குரிய ஐயா,

1. எங்கள் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தை ஒன்பது பேர் கொண்ட ஆட்சிக்குழு நிர்வகித்து வருகிறது. எல்லாரும் தொண்டர்கள், ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. சம்பளம் வாங்காமல் செய்கிற வேலையை யாரும் குறை சொல்லக் கூடாது என்பது அவர்கள் ஒருமனதாக எடுத்துள்ள முடிவு. இலவசமாக வீசுகிறது என்பதற்காகப் புயலை வீட்டுக்குள் விட முடியாது என்பது என் தாழ்மையான கருத்து.

2. என் கணவர் மின்பணியாளர். பல ஆண்டுகளாக அக்குழுவில் உறுப்பினர். அங்கே அவருக்கு வைத்திருந்த பெயர் ‘ஆட்சேபணை’. எந்தத் தீர்மானம் வந்தாலும் எழுந்து நின்று ஆட்சேபணை தெரிவிப்பார். நூலக அறையைப் பூட்டிவைத்தால் புத்தகங்கள் அழுக்காகாது என்று தீர்மானம் கொண்டுவந்தபோது, பூட்டிவைத்தால் குழுவும்தான் அழுக்காகாது, முதலில் அதைச் செய்யலாம் என்று சொன்னவர் அவர். இவரை எப்படியாவது ராஜினாமா செய்ய வைக்க வேண்டும் என்று தலைவரும் செயலாளரும் என் கடைக்கே வந்து கேட்டுக்கொண்டது உண்டு. தலைவர், வீடும் மனையும் வாங்கி விற்கும் தரகர். செயலாளர் ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர். வீட்டில் நான் அனுபவிப்பதை நீங்கள் மாதம் ஒரு நாள் அனுபவித்தால் குறைந்தா போய்விடுவீர்கள் என்று கேட்டு அனுப்பிவைத்தேன்.

3. ஒன்றரை ஆண்டுக்கு முன் என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு முற்றிலும் போய்விட்டது. அறிவுக்கு ஒரு குறையும் இல்லை. சொல்வதெல்லாம் புரியும், திரும்பச் சொல்லத்தான் வராது. வாயாலேயே வாழ்ந்த மனிதர், என் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு சொல்லுக்காகத் தாடையை அசைத்து, பிறகு கண்ணை மூடிக்கொள்வார். அதை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. என்னால் முடியவில்லை.

4. அதே காலத்தில் ஆட்சிக்குழுவிலும் ஆட்கள் உதிர்ந்தார்கள். ஒருவர் மகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். இருவர், ஆண்டு விழாவில் யார் முதலில் பேசுவது என்ற தகராறில் ஒருவரை ஒருவர் எதிர்த்து ஒரே நாளில் விலகினார்கள். இன்னொருவர் தம் பெயர்ப் பலகையின் எழுத்து மற்றவர்களுடையதைவிடச் சிறியது என்று கண்டுபிடித்து விலகினார். எஞ்சியவர்கள் தலைவர், செயலாளர், பொருளாளரான மருந்துக்கடைக்காரர், கூட்டத்தில் உறங்குவதைத் தவிர வேறு தீங்கு செய்தறியாத துணைத் தலைவர், ஐந்தாவதாக என் கணவர். கூட்டம் செல்லுபடியாக ஐந்து பேர் வேண்டும் என்பது சங்க விதி. அடுத்தடுத்து மூன்று கூட்டம் ஐவர் இல்லாமல் கலைந்தால் குழுவே கலைந்து, பொதுக்குழு கூடித் தேர்தல் நடக்க வேண்டும் என்பதும் விதி. பொதுக்குழு என்றால் எங்கள் தெருவாசிகள். தெருவாசிகள் வாக்களித்தால் என்ன ஆகும் என்பது தலைவருக்கு நன்றாகத் தெரியும்.

5. ஆகவே, படுக்கையில் கிடந்தபோது எட்டிப் பார்க்காத நால்வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை எனக்குத் தெரியாதது அல்ல. ஆனால் அன்று அது நினைவுக்கு வரவில்லை. வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறாரே, நாலு மனிதர் முகத்தைப் பார்க்கட்டும் என்று சட்டையைத் தேய்த்துப் போட்டு அனுப்பினேன். கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்கார வைத்து, ஆளுக்கொரு நாற்காலிக் காலைப் பிடித்து, தெருவைக் கடந்து தூக்கிப் போனார்கள். உயிரோடு இருக்கும்போதே நாலு பேர் தூக்கிப் போகும் பாக்கியம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை என்று மருந்துக்கடைக்காரரே வேடிக்கையாகச் சொன்னார். என் கணவர் சிரிக்கவில்லை. அதன்பின் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு இந்த ஊர்வலம் நடந்தது. போகும்போது தூக்கிப் போக நாலு பேர் உண்டு. திரும்பும்போது பெரும்பாலும் நானும் கூடத்துக் காவலாளியும்தான்.

6. இதற்கிடையே நல்லது ஒன்றும் நடந்தது. மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி அளிக்கும் பெண் ஒருவர், வாரத்தில் மூன்று பிற்பகல், எங்கள் கூடத்தின் கிழக்கு அறையில் பேச்சிழந்தவர்களுக்கு வகுப்பு எடுக்கத் தொடங்கினார். அவரும் சம்பளம் வாங்குவதில்லை. ஆனால் அதை அவர் சொல்லிக் காட்டியதில்லை. அந்த அறைக்குப் படி கிடையாது. தெருச் சத்தம் வராது. சுவர் முழுக்க ஒரு பெரிய கண்ணாடி இருக்கிறது. வாய் எப்படிக் குவிகிறது, நாக்கு எங்கே தொடுகிறது என்று பார்த்துப் பார்த்துப் பழக அந்தக் கண்ணாடி வேண்டும். என் கணவரோடு ஐந்தாறு பேர் வந்தார்கள். ரொட்டிக்கடைக்காரர் ஒருவருக்குப் பேச வராது. ராகம் போட்டுப் பாடினால் வரும். தண்ணீர் வேண்டுமென்றால்கூடப் பாடித்தான் கேட்பார். அங்கே யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை, சேர்ந்து சிரிப்பார்கள். பயிற்சியை நடுவில் விட்டால் வந்ததும் போய்விடும் என்று அந்தப் பெண் எங்கள் எல்லாரையும் எச்சரித்திருக்கிறார். இதை விட்டால் மருத்துவமனைதான். இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டும். என் கணவரைப் பேருந்தில் ஏற்ற என்னால் ஆகாது.

7. பல மாதம் வெறும் காற்றுதான் வந்தது. பிறகு ஒரு நாள் மாலை, மாத்திரையை நான் நீட்டியபோது, அவர் என் கையைத் தள்ளி, முகமெல்லாம் கோணி, ‘வேண்டாம்’ என்றார். தெளிவாகச் சொன்னார். திருமணமான நாள் முதல் அவர் மறுத்துப் பேசியதற்கு நான் மகிழ்ந்தது அதுவே முதல் முறை. அன்று மாத்திரை கொடுக்கவில்லை. இருவரும் அழுதோம்.

8. அந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள், மருந்துக்கடைக்காரரின் மனைவி ரவிக்கை பிரித்துத் தைக்க என் கடைக்கு வந்தார். கிழக்கு அறையை மூடி, ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கு ஏசி வைத்த ஓய்வறை ஆக்கப் போகிறார்களாமே என்றார். மாதம் ஒரு முறை ஒரு மணி நேரம் உட்காருகிறவர்களுக்கு அப்படி என்ன களைப்பு என்று கேட்டேன். அதற்கு அவர், “என்னக்கா தெரியாத மாதிரி கேக்குறீங்க? தீர்மானத்தை முன்மொழிஞ்சதே உங்க வீட்டுக்காரர்தானாமே” என்றார்.

9. ஐயா, முந்தைய கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு கூடத்துப் பலகையில் வெளிப்படையாகவே ஒட்டியிருந்தது. போய்ப் பார்த்தேன். முன்மொழிந்தவர் என் கணவர். வழிமொழிந்தவர் துணைத் தலைவர். ஒருவருக்குப் பேச்சில்லை, மற்றவருக்கு விழிப்பில்லை. ஒன்றரை ஆண்டாக என்னிடம் ஒரு வாக்கியம் சொல்லாத மனிதர், இவர்களிடம் ஒரு தீர்மானமே சொல்லியிருக்கிறார். அவர் குரலை ஒரு முறை கேட்பதற்காக நான் என்னவெல்லாம் கொடுத்திருப்பேன். இவர்களுக்கு அது சும்மா கிடைத்திருக்கிறது.

10. தலைவரைச் சந்தித்து விளக்கம் கேட்டேன். அவர் மிகுந்த அன்போடு, “அண்ணன்கிட்ட படிச்சுக் காட்டித்தானே செஞ்சோம் தங்கச்சி. அவர் ஒண்ணும் சொல்லல. மௌனம் சம்மதம்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?” என்றார். பெண் பார்க்க வந்த இடத்தில் சொல்கிற பழமொழியைப் பக்கவாதம் வந்தவரிடம் பிரயோகித்த முதல் நிர்வாகி இவராகத்தான் இருப்பார். நான் இதைச் சொன்னபோதுதான் மேலே ‘பார்வை’யில் குறிப்பிட்ட சிரிப்பைச் சிரித்தார்.

11. கடந்த ஞாயிறு அத்தீர்மானத்தை உறுதிசெய்யும் கூட்டம். காலையில் நான் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. போக வேண்டாம் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன், சட்டையைக் காட்டினார். நால்வரும் வழக்கம்போல் வந்து தூக்கிப் போனார்கள். உறுப்பினர் அல்லாதோருக்கு அனுமதி இல்லை என்பதால் நான் வாசல்படியிலேயே நின்றேன். கதவு திறந்திருந்தது, எனக்குத் தெரிந்து அது ஒன்றே இக்குழு மூட மறந்த கதவு.

12. செயலாளர் தீர்மானத்தைப் படித்தார். தலைவர் நிமிராமலே ஆட்சேபணை உண்டா என்று கேட்டு, அடுத்த தாளைப் புரட்டினார். என் கணவரின் இடது கை மேசை விளிம்பைப் பற்றியது. கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு அவர் சொன்னார்: “வேண்டாம்.”

13. துணைத் தலைவர்கூடக் கண்விழித்தார். முதலில் சுதாரித்தவர் தலைவர். அவர் காவலாளியைக் கூப்பிட்டு, “அண்ணனுக்கு டீ வேண்டாமாம், எடுத்துடு” என்றார். காவலாளி தயங்கித் தயங்கி அவர் முன்னால் இருந்த டீ டம்ளரை எடுத்துப் போனார். என் கணவர் கிழக்கு அறையின் பக்கம் கையை நீட்டி மறுபடியும் சொன்னார். மூன்றாம் முறை மேசையைத் தட்டிச் சொன்னார். அப்போது செயலாளர் எழுந்து, உடல்நலம் குன்றியவர் சொல்வதைக் கருத்தாக ஏற்க விதியில் இடமில்லை என்று அறிவித்தார். தீர்மானம் ஒருமனதாக உறுதியானது. கூட்டம் முடிந்ததும் நால்வரும் வெவ்வேறு வாசல் வழியே கலைந்தார்கள். நேற்றுக் காலை கிழக்கு அறைக்குப் பூட்டுப் போட்டாயிற்று. பிற்பகல் வகுப்புக்கு வந்தவர்கள் வெளியே நின்றார்கள். ரொட்டிக்கடைக்காரர் ஏதோ கேட்க வாயெடுத்தார். தெருவில் பாடக் கூச்சப்பட்டு நிறுத்திக்கொண்டார். என் வயிறு எரிகிறது ஐயா. இதை அலுவல் மொழியில் எப்படி எழுதுவது என்று தெரியாததால் அப்படியே எழுதுகிறேன்.

14. எனக்குச் சட்டம் தெரியாது. துணி வெட்டத் தெரியும். ஒரே துணியை இரண்டு பேருக்கு அளவெடுத்து வெட்ட முடியாது என்பதும் தெரியும். பேசாமல் இருந்தவரை என் கணவர் தீர்மானத்தை முன்மொழியும் அளவுக்குத் தெளிந்த உறுப்பினர். வாய் திறந்த கணமே நோயாளி. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்றால் எப்படி? அவர் தகுதியுள்ள உறுப்பினர் என்றால், அவர் சொன்ன ஆட்சேபணை செல்லும். தீர்மானம் ஒருமனதானது அல்ல, அதை முன்மொழிந்தவரே மறுத்துவிட்டார். தகுதியற்றவர் என்றால், ஐந்தில் ஒருவர் குறைகிறார். அவரைத் தூக்கிக் கொண்டுபோய் நடத்திய எந்தக் கூட்டமும் செல்லாது, குழுவும் எப்போதோ கலைந்துவிட்டது. இரண்டில் எதை வேண்டுமானாலும் தாங்கள் தேர்ந்துகொள்ளலாம். எதைத் தேர்ந்தாலும் அந்தப் பூட்டு நிற்காது.

15. ஆகவே தாங்கள் வேண்டிய ஆணை பிறப்பித்து, கிழக்கு அறையை இந்த வாரமே திறந்துவிடச் செய்ய வேண்டுகிறேன். பழகிய நாக்கு காத்திருக்காது. விசாரணை முடியட்டும் என்று அறையைப் பூட்டியே வைத்தால், முடிவு எங்களுக்குச் சாதகமாக வரும்போது சொல்ல ஒரு சொல்லும் மிஞ்சாது. பொதுக்குழுவைக் கூட்டித் தேர்தல் நடத்தவும் வேண்டுகிறேன். ஒருவேளை என் கணவரே மறுபடியும் தேர்ந்தெடுக்கப்பட்டால் நால்வரும் என்னை மன்னிக்க வேண்டும்.

16. தாங்கள் விசாரணைக்கு அழைக்கும் நாளில் அவரை எப்படியாவது நானே அழைத்து வருகிறேன். என்னிடம் கேட்க வேண்டியது ஏதும் இல்லை. அவரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டுச் சற்றுப் பொறுத்திருங்கள். முகம் கோணும், கண் கலங்கும், நேரமாகும். பார்க்கச் சங்கடமாக இருக்கும். அந்த இடைவெளியில் யாரும் அவருக்காகப் பதில் சொல்லிவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். நான் உட்பட.

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,

(மனைவியின் கையொப்பம்)
(உறுப்பினர் இடது கையால் இட்ட கையொப்பம்)

நாள்: கூட்டம் நடந்த ஞாயிறை அடுத்த செவ்வாய்
இடம்: பூட்டிய அறைக்கு எதிரே, என் கடை

பின்குறிப்பு: கையொப்பம் வாங்குமுன் இம்மனுவை என் கணவருக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். பத்தாம் பத்தியில் தலைவரைப் பற்றி நான் எழுதியிருந்த ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, ‘வேண்டாம்’ என்றார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனாலும் நீக்கிவிட்டேன்.