கிள்ளானில் இறங்காத அனிமோன்

என் அன்புக்கும், இப்போது என் கோபத்துக்கும் உரிய மாப்பிள்ளை தயாளனுக்கு,

இறந்தவரிடம் நலம் விசாரிக்க முடியாது. ஆகவே நேராகச் செய்திக்கு வருகிறேன். சுங்கை வேயில் உன் வீட்டுக் கூடத்தை நிறைத்திருந்த, கடல்மீனும் பவளமும் வளர்த்த தொட்டி இப்போது வெற்றுக் கண்ணாடி. நீ மருத்துவமனையில் மலரிடம் சொன்னபடியே, அதில் வாழ்ந்தவற்றைக் கிள்ளானில் சேகரின் வீட்டுப் பெரிய தொட்டிக்கு மாற்றியாயிற்று. மாற்றியவன் நான். வேறு யாருக்கு அந்த வேலை தெரியும்?

"சேகர்கிட்ட குடுத்திடு. மச்சான கொண்டுபோய் விடச் சொல்லு." நீ சொன்னது இவ்வளவுதான் என்றாள் என் தங்கை. முதல் வாக்கியத்தில் அவன் உன் வாரிசு. இரண்டாவதில் நான் லோரிக்காரன்.

பல்கலைக்கழக விடுதியில் நண்பனாகி, பிறகு மலரை மணந்து உறவானவன் நீ. அந்தத் தொட்டியின் முதல் பாறையை நாம் இருவரும் சேர்ந்துதான் வைத்தோம். பக்கவாதத்தில் உன் இடக்கை விழுந்த பிறகு, சனிக்கிழமைதோறும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்து உப்பு கலந்ததும், நீர் மாற்றியதும், கண்ணாடி துடைத்ததும் நான். உன்னைச் சோபாவில் உட்கார வைத்துவிட்டு எல்லாவற்றையும் நானே செய்தேன். தரை ஈரம்; சுவரோரம் முழுக்க மின்கம்பிகள்; உனக்கோ நடை தடுமாறும். தொட்டிக்குள் கை விடாதே என்று கண்டிப்பாகச் சொன்னேன். அதில் என்ன தவறு?

சேகரை உன் இறுதிச் சடங்கில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். கிள்ளான் துறைமுகத்தில் வேலை, நம்மைவிட வயதில் மிகவும் இளையவன், மீன் கடையில் உனக்குப் பழக்கமானவன் என்றார்கள். என்னைவிட அதிகமாக அழுதான். அதை நான் கவனித்தேன்.

உன் கருமாதி முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை வேலையைத் தொடங்கினோம். தொட்டியின் பழைய நீரைப் பீப்பாய்களில் பிடித்தேன். பவளங்களை ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனிப் பெட்டிகளில் வைத்தேன். கோமாளி மீன் இரண்டையும் கடைசியில் பிடித்தேன். அவை படுத்துறங்கும் அனிமோன்தான் பாறையை விட மறுத்தது. பூவைப் போல விரிந்தாலும் அது பூவன்று. பாதம் உடைய உயிர், பிடித்த இடத்தை எளிதில் விடாது. விரல்நுனியால் ஓரம் ஓரமாகத் தளர்த்தினேன்.

"பிஞ்சிடப் போவுது ண்ணே, மெதுவா," என்றாள் மலர்.

"எனக்குத் தெரியும்."

அனிமோனை வைத்த வாளியை மட்டும் மற்றவற்றோடு வாடகை லோரியில் ஏற்றவில்லை. என் காரில், மலரின் மடியில் வந்தது. கூட்டரசு நெடுஞ்சாலையில் வண்டிகள் நகரவில்லை. வாளி சூடேறாமல் இருக்கக் குளிர்சாதனத்தை முழுதாகத் திறந்துவிட்டேன். அவள் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு நடுங்கியபடியே வந்தாள்.

சேகரின் தொட்டி, பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டிலுள்ள தொட்டியைவிட மும்மடங்கு பெரியது. பாறையும் நீரும் தவிர அதில் ஒன்றுமில்லை. பல மாதங்களாக ஓடிப் பழகிய, தெளிந்த நீர். அதில் நான் குறை சொல்ல முடியாது. குறை சொல்லும் ஆசையோடுதான் போயிருந்தேன். பிறகு பாறைகளைப் பார்த்தேன். இரண்டு தூண்கள், மேலே ஒரு பலகைப் பாறை, கீழே குகை. எல்லாம் பின்கண்ணாடியில் சாய்ந்தபடி. பின்னால் நீரோட்டம் போகாது, அழுக்குத் தேங்கும். இதே அடுக்கை நீ முன்பு தாளில் வரைந்து காட்டினாய். கூடாது என்று நான் மறுத்தேன். நினைவிருக்கிறதா?

"இத யாரு அடுக்குனது?" என்று கேட்டேன்.

"தயா அண்ணன்தான். எனக்கு என்னா தெரியும்?" சேகரின் முகம் மலர்ந்துவிட்டது. "நான் தூக்கிப் புடிப்பேன், அவரு ஒத்தக் கையால சரி பண்ணுவாரு. தோள் வரைக்கும் நனைஞ்சிடும் லா. ஒரு நாளு பாறை சரிஞ்சி, ரெண்டு பேரும் முழுசா குளிச்சிட்டோம். அவரு சிரிச்ச சிரிப்பு இருக்கே, பக்கத்து வீட்டு அங்கிள் எட்டிப் பார்த்தாரு. அவருக்குன்னே என் சம்சாரம் ஒரு துண்டு வச்சிருந்தா."

துண்டு தொட்டியின் பக்கத்தில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. துவைத்து மடித்த நீலத் துண்டு.

ஞாயிற்றுக்கிழமைகளில் கிள்ளானில் ஒரு வைத்தியரிடம் கைக்கு எண்ணெய் தேய்த்து நீவிக்கொள்ளப் போகிறாய் என்றுதான் எனக்குச் சொல்லப்பட்டது. மலரைத் திரும்பிப் பார்த்தேன். அவள் மீன் பெட்டியின் மூடியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாளியைத் திறந்து, புதுத் தொட்டியின் நீர் மெல்லிய குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கும்படி செய்தேன். புது நீருக்கு அந்த உயிர் மெதுவாகப் பழக வேண்டும். குழாயைச் சரிசெய்ய நான் திரும்பிய இடைவெளியில், சேகரின் மனைவி செம்பும் மாவிலையுமாக வந்தாள். வாசலில் தெளித்தாள். பெட்டிகளின் மேல் தெளித்தாள். செம்பில் மிஞ்சியதைத் திறந்திருந்த வாளிக்குள் ஊற்றிவிட்டாள். மஞ்சள் தண்ணீர்.

"சாவு வூட்டுலேர்ந்து வருது இல்லண்ணே," என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எல்லா வீட்டிலும் செய்வதைத்தான் செய்தாள்.

அனிமோன் சுருண்டு, வாய் பிளந்து, கழுவிப்போட்ட துணிபோல் கிடந்தது. அந்த நீரைக் கொட்டினேன். உன் பழைய நீரை ஊற்றினேன். மறுபடியும் கொட்டி, மறுபடியும் ஊற்றினேன்.

"கருமாதி முடிஞ்ச வீட்டுக்கு என்ன தீட்டும்மா?" என்று கேட்டேன். என் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும்.

"தெரியாம செஞ்சிட்டா ண்ணே," என்றான் சேகர். "நீங்களே உங்க கையால இறக்குங்க. தயா அண்ணன் கேட்டது இது ஒண்ணுதான்."

"மத்ததெல்லாம் இறக்கித் தரேன். இது இங்க இறங்காது."

இறக்கித் தந்தேன். எல்லாப் பவளங்களையும், கோமாளி மீன்களையும், ஒன்றுகூடச் சாகாமல். பிறகு வாளியோடு புறப்பட்டேன். அது என்னிடம் வருவதற்குக் காரணம் கிடைத்ததில் எனக்கு உள்ளூர நிறைவாக இருந்தது. இதை உன்னிடம் ஏன் மறைக்க வேண்டும்?

திரும்பும் வழியில் மலரிடம் கேட்டேன். "உனக்கு எல்லாம் தெரியுமா?"

"தெரியும்."

"எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீயும் கெளம்பி வந்திருப்ப," என்றாள் உன் மனைவி. "உன் முன்னால அவரு நோயாளி ண்ணே. அங்க போயி கைய நனைச்சிட்டு வருவாரு. அன்னைக்கு ராத்திரி மட்டும் நல்லா சாப்புடுவாரு."

நான் வண்டியை ஓட்டினேன். உன் நன்மைக்காக நடந்துகொண்ட ஒருவனிடமிருந்து, ஆற்றைக் கடந்து ஓடுவதுபோல் கிள்ளானுக்கு ஓடியிருக்கிறாய். என்னிடம் ஒரே ஒருமுறை, "எனக்கும் கை விட வேண்டும்" என்று கேட்டிருக்கலாமே? கேட்டிருந்தால் விட்டிருப்பேனா?

இனி இன்றைய செய்தி. அனிமோன் பிழைத்துவிட்டது. என் தொட்டியின் நடுப்பாறையில், நல்ல வெளிச்சத்தில், என் நாற்காலியிலிருந்து பார்த்தால் தெரியும்படி வைத்தேன். மறுநாள் அங்கே இல்லை. இரவோடு இரவாக நகர்ந்து, பின்மூலையில் போய் ஒட்டிக்கொண்டது. முன்னாலிருந்து பார்த்தால் ஓர் ஓரம்தான் தெரிகிறது. பக்கத்திலிருந்த என் பவளம் அதன் தீண்டலில் வெந்து வெளுத்தது.

நேற்று சேகர் அழைத்தான். "ரெண்டு மீனும் தூங்க எடம் இல்லாம சுத்துது ண்ணே. எப்ப கொண்டு வருவீங்க?"

"கொண்டு வரமாட்டேன்."

"அப்போ நான் வந்து பாக்கலாமா?"

"வரலாம். துண்ட நீங்களே கொண்டு வாங்க."

அனிமோனைப் பெயர்த்து எடுத்து நடுப்பாறையில் திரும்ப வைப்பது எனக்குப் பெரிய வேலையன்று. இன்று காலை சட்டைக் கையை மடித்துவிட்டுத் தொட்டியின் முன் நின்றேன். பிறகு, அதனிடம் சிக்கிய பவளத்தை மட்டும் தள்ளி வைத்தேன். அனிமோன் உள்ளே இழுபட்டுவிடாதபடி, நீரை இறைக்கும் விசையின் வாய்க்கு வலை கட்டினேன்.

கிள்ளானுக்கு அதை அனுப்ப மாட்டேன், மாப்பிள்ளை. அதில் என் மனம் மாறாது. ஆனால் அது தானாகப் போய் உட்கார்ந்த மூலையிலிருந்து அதை நகர்த்தவும் மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

மலரின் அண்ணன்,
இன்னமும் உன் மச்சான்.