நான் கிளப்பாத வண்டி

இன்று காலை எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு டிரெய்லர்காரன் திடீரென்று பிரேக் அடித்தான். டயர் கருகிய வாடை கிளம்பியது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஓரமாக நின்றுவிட்டேன். எனக்கு அந்த வாடை நீதான்.

வாரத்தில் ஆறு நாள் விம்கோ நகர் ஒர்க்‌ஷாப்பில் ஒன்றாக கிரீஸில் கிடப்போம். ஞாயிற்றுக்கிழமை ஒரே பைக்கில் கார் ரேஸ் மைதானத்துக்குப் போவோம். எனக்கு சேஃப்டி கார். உனக்கு மூன்றாவது வளைவில் கொடி காட்டும் வேலை. டிராக்கில் ஏதாவது கார் மோதி நின்றால், நான் முன்னால் போய் மெதுவாக ஓட்ட வேண்டும். மற்ற கார்கள் முந்தாமல் என் பின்னால் ஊர்ந்து வரும். அதற்குள் கொடிக்காரர்கள் நீங்கள் இறங்கிச் சுத்தம் செய்வீர்கள். "நீ மாப்ள ஊர்வலம் கணக்கா போய்க்கினே இரு மாமு, நான் பெருக்கிக்கினு வரேன்" என்பாய்.

அன்று உன் வளைவில் ஒரு கார் சுவரில் மோதிக் குறுக்கே நின்றது. புகை. ஓட்டுநரால் வெளியே வர முடியவில்லை. கொடியைப் பக்கத்தில் இருந்தவனிடம் கொடுத்துவிட்டு நீ ஓடினாய். நான் மைக்கில் கன்ட்ரோல் ரூமைக் கேட்டேன்.

"போவட்டுமா சார்?"

"இரு. கடைசி அஞ்சு சுற்றுதான். ரேஸ் கெட்டுடும்."

"நம்மாளு உள்ள எறங்கிட்டான் சார்!"

"இருன்னா இரு."

இருந்தேன். கால் ஆக்சிலேட்டரில்தான் இருந்தது. இந்த வேலை போய்விடுமே என்று நினைத்தேன்.

அடுத்து வந்த கார் உன்னை அடித்த சத்தம் எனக்கே கேட்டது. அப்புறம்தான் "போ, போ" என்றார்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிற்கக் கூடாது என்று உத்தரவு. டயர் கருகிய அந்த வாடைக்குள் நான்கு முறை உன்னைக் கடந்தேன், மெதுவாக, விதிப்படி. முதல் முறை உன் கை அசைந்தது. மூன்றாம் முறை முகத்தில் துணி போட்டிருந்தார்கள். நீ காரிலிருந்து வெளியே இழுத்துப்போட்ட ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

அனுமதியில்லாமல் டிராக்கில் இறங்கினாய் என்று எழுதிக் கொண்டுவந்தார்கள். கையெழுத்துப் போட்டேன். என் வேலை நிலைத்தது.

மூலக்கொத்தளத்தில் உன்னைப் புதைத்த அன்று உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வண்டிய எடுத்துக்கினு நீதான் மொதல்ல ஓடியாந்தியாமே நைனா. நீயாவது இருந்தியே." நான் தலையாட்டினேன்.

இப்போதும் மாதம் ஒருமுறை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடுகிறார். வஞ்சிரத்தில் நடுத்துண்டு எனக்கு. "துன்னு நைனா, அவனுக்கு உசுரு இது" என்கிறார். உண்மை தொண்டை வரை வருகிறது. சோற்றோடு சேர்த்து விழுங்குகிறேன். மீன் ருசியாகத்தான் இருக்கிறது.